சன்னாசிக் கங்காணியின் புலிக்கு இரண்டு பல் குறைவு

போன வாரம் எங்கள் பாடசாலைக்குப் புதிய கல்வி அதிகாரி வந்தார். நல்ல மனிதர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து... வட்டவளைப் பக்கம் வருடம் முழுக்க மழைதான் என்பதை யாரும் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை போலிருக்கிறது.

எல்லாவற்றையும் பார்த்தார். கரும்பலகையைத் தடவிப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். கூரையும் தன் பங்குக்கு ஒரு சொட்டு விட்டது. கடைசியாக, "விஞ்ஞான அலுமாரி எங்கே?" என்றார். காட்டினேன். திறந்தார். திறந்ததைவிட வேகமாக மூடினார்.

"உள்ளே... என்ன அது?"

"கரடி, சேர்."

"கரடியா!"

"தலை மட்டும்தான், சேர்."

அதிகாரிகளுக்குப் பயம் தெளிந்தவுடன் முதலில் ஞாபகம் வருவது எது? சட்டம்தானே! "இதை வைத்திருப்பது குற்றம் தெரியுமா? அனுமதி இருக்கிறதா?" என்று அதட்டினார்.

தெரியும். இருக்கிறது. மூன்று ரப்பர் முத்திரை குத்திய கடிதத்தை எடுத்து நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். தேநீரைக் குடித்தார். போய்விட்டார். இந்தக் கடிதம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்கவே இல்லை. ஆனால் இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிற நீங்கள் கேட்காமல் விடமாட்டீர்கள். அதனால் சொல்லிவிடுகிறேன்.

ஏழெட்டு வருடம் இருக்கும். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட புதிது. வெள்ளைக்காரச் சின்னத்துரை இருந்த பங்களா பூட்டிக் கிடந்தது. சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடான காலம், கையகல மண் கண்ட இடமெல்லாம் மரவள்ளி நடச் சொன்னார்கள். பங்களாவின் பின்பக்கத்தைக் கொத்தப் போன ஆட்கள் மத்தியானத்துக்குள் திரும்பி ஓடி வந்தார்கள். மண்வெட்டியில் ஒரு மண்டையோடு மாட்டியிருக்கிறது!

தோட்டமே கூடிவிட்டது. நானும் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்துவிட்டு ஓடினேன். நீளமான தலை. கோரைப் பல் இரண்டும் என் சுண்டுவிரல் நீளம். பின்மண்டையில் துருப்பிடித்த ஏதோ ஒன்று குத்தி நின்றது.

"துரையோட குதிரைங்க" என்றார் தேயிலை ஆலையைப் பார்க்கும் டீமேக்கர். குதிரைக்கு எங்கே கோரைப் பல்? "நாய்தான்... சீமை நாய்" என்றார் பங்களாவில் முன்பு சமையல் செய்தவர். அந்த நாய் அவரை மூன்று தடவை கடித்திருக்கிறது. அவருக்கு எதைப் பார்த்தாலும் அந்த நாய்தான். ஆபீஸ் கிளாக்கர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆதிமனுசனா இருக்கலாம்" என்றார். எதையும் ஒரு படி கூட்டிச் சொல்வது அவர் வழக்கம்.

அப்போதுதான் கூட்டம் விலகியது. சன்னாசிக் கங்காணி வந்தார்.

சன்னாசிக் கங்காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது அறுபது. கவ்வாத்து வெட்டும் கூட்டத்துக்குப் பொறுப்பானவர். தேயிலைச் செடியைச் சில வருடத்துக்கு ஒருமுறை இடுப்பளவுக்குக் கத்தரிப்பதுதான் கவ்வாத்து. அவர் எங்கள் தோட்டத்தில் நாற்பது வருடம் செய்த வேலை அது. ஆனால் அவர் பெயர் பெற்றது அதனால் அல்ல. புலியால்.

எங்கள் பக்கத்தில் சிறுத்தையைத்தான் புலி என்போம். அது உண்டு, நாய்களைத் தூக்கிப்போகும். ஒரு பனி மூடிய காலையில், ஏழாம் நம்பர் மலையில், தன் மேல் பாய்ந்த புலியைச் சன்னாசி கவ்வாத்துக் கத்தியால் ஒரே வெட்டில் சாய்த்தார். துரைக்குப் பயந்து அதை எங்கேயோ புதைத்துவிட்டார். இது தோட்டத்துப் பிள்ளைகள் 'அ' எழுதக் கற்கும் முன்பே கற்றுக்கொள்ளும் சரித்திரம். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் சொல்வார். கலியாண வீட்டில் சொல்வார். இழவு வீட்டில்கூடச் சொல்வார் — செத்தவரின் சொந்தக்காரர்களே அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். நான் வேலைக்கு வந்த வருடம் அந்தப் புலி ஐந்தடி. மண்டையோடு கிடைத்த வருடம் எட்டடி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவ்வாத்து தொடங்குகிற அன்று, மலையடியில் இருக்கும் கவ்வாத்துச் சாமிக் கல்லுக்குச் சேவல் அறுத்துப் பொங்கல் வைப்பார்கள். எல்லாருடைய கத்தியும் கல்லின் முன்னால் வரிசையாகக் கிடக்கும். நடுவில் சன்னாசியின் கத்தி. அதற்கு மட்டும் தனியாக ஒரு மாலை. ஏன்? புலி வெட்டிய கத்தி அல்லவா!

வந்தவர் குனிந்தார். மண்டையோட்டின் நெற்றியில் கையை வைத்தார். "வந்துட்டியாடா..." என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கே சிலிர்த்துவிட்டது.

"பின்னால என்னாங்க கங்காணி, இரும்பு மாதிரி?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுவா? துரை சுட்ட குண்டு. குண்டத் தாங்கிக்கிட்டு வந்துதான் எம்மேல பாஞ்சிச்சு!"

அந்த நிமிடம் வரை அந்தக் கதையில் துரையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. யாருக்கும் அது உறுத்தவில்லை. அன்று மாலைக்குள் மண்டையோடு மஞ்சளில் குளித்து, குங்குமப் பொட்டு வைத்து, சாமிக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

ஒரு கதைக்குச் சாட்சி இல்லாதவரை தொல்லையே இல்லை. சாட்சி கிடைத்தால்தான் தொல்லை.

எங்கள் தோட்டத்தில் தண்ணீருக்குக் குறை உண்டு, மண்ணெண்ணெய்க்குக் குறை உண்டு, பெட்டிசனுக்கு மட்டும் குறையே இல்லை. யாரோ ஒரு மகராசன் பெயர் போடாமல் எழுதிவிட்டான்: இன்னார் புலியைக் கொன்று தலையை வைத்துப் பூசை செய்கிறார். பத்தே நாளில் ஜீப்பில் ஒரு வனவிலங்கு அதிகாரி வந்து இறங்கினார். சிங்களவர், முப்பது வயதுக்காரர், வேலைக்குப் புதிது. சாமிக் கல்லடியில் நின்று, "இதைக் கொன்றது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

விபரம் தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள்? வாயை மூடிக்கொள்வார்கள். எங்கள் ஆட்கள் பெருமையோடு சன்னாசியை முன்னால் தள்ளிவிட்டார்கள். அவரும் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் முழங்கினார்:

"மம தமாய், மாத்தயா!" நானேதான் ஐயா!

அதிகாரி பேனாவை எடுத்தார். பெயர் எழுதினார். தகப்பன் பெயர் எழுதினார். புலியைக் கொல்வது ஒரு குற்றம், தலையை வைத்திருப்பது இன்னொரு குற்றம், பொட்டு வைப்பது எந்தக் குற்றத்தில் சேரும் என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். அடுத்த வாரம் வருவேன். தலை இங்கேயே இருக்க வேண்டும். இந்த ஆளும் இங்கேயே இருக்க வேண்டும்.

இந்த ஆளும் இங்கேயே...

அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு அலறல் கேட்டது. சன்னாசியின் மனைவி அங்கம்மா. சும்மா அலறவில்லை. இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி அவர்கள் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்திருந்தது. மூன்று வாரத்தில் தலைமன்னார்க் கப்பல். தோட்டத்து வேலையாட்கள் பதிவான செக்றோலில் பெயர் வெட்டியாகிவிட்டது. வரிசை வீடான லயத்தில் அவர்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவை அடுத்த குடும்பத்துக்கு எழுதியும் கொடுத்தாகிவிட்டது. மூத்த மகன் முந்தின வருடமே அக்கரை போய், கோத்தகிரிப் பக்கம் குடிசை போட்டுக் காத்திருந்தான். இப்போது வழக்கென்றால்? கப்பல் போய்விடும். இங்கே காம்பரா இல்லை, வேலை இல்லை, பெயரே இல்லை. ஒரு குடும்பம் எங்கே போய் நிற்கும்?

அன்று பின்னேரம் அங்கம்மா என் வீட்டு வாசலில் நின்றார்.

"மாஸ்டர், அந்தக் கருமத்த ஆத்துல தூக்கிப் போட்டுருங்க."

"போட்டா அது மூணாவது குத்தம்மா. அவர் பாத்து எழுதிட்டுப் போயிட்டாரே."

"அப்ப இந்த மனுசன் ஜெயிலுக்குத்தான் போவணுமா?" என்றவர், வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாஸ்டர்... ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். அன்னைக்கு இவரு வெட்டுனது புலியே இல்லீங்க."

"பின்னே?"

"காட்டுப்பன்னி. அதும் கால் ஒடிஞ்சு தண்ணிக் கான்ல விழுந்து கெடந்தது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கொழம்பு வச்சவளுக்குத் தெரியாதா?"

இருபது வருடம் அந்தக் கதையை ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்! நாட்டை ஆளக்கூடிய பெண்கள் எல்லாம் லயத்தில் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அன்று நினைத்தேன்.

சரி, புலி இல்லையென்றால் இந்த மண்டையோடு எது? ஹட்டனில் ஒரு கல்லூரியில் விலங்கியல் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எனக்கு இருந்தார். அவரிடம் கொண்டுபோக முடிவு செய்தேன். சாமியிடமிருந்து எடுக்க வேண்டுமே? கற்பூரம் கொளுத்தி, உத்தரவு கேட்டு, சன்னாசியே தன் கையால் எடுத்துக் கொடுத்தார். பயப்படுவார் என்று பார்த்தால் உற்சாகமாக இருந்தார். "எத்தன அடிப் புலின்னு எழுதி வாங்கிட்டு வாங்க மாஸ்டர். சீல் இருந்தா நல்லது. ஊருக்குக் கொண்டு போறேன்."

மனிதருக்குத் தலைக்கு மேல் வழக்கு. அவர் கேட்டதோ சர்ட்டிபிகேட்!

சாக்குப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்க் கோச்சியில் ஏறினேன். பக்கத்தில் இருந்த அம்மா பையைப் பார்த்து, முட்டைக்கோஸ் என்று நினைத்து, "கோவாங்களா?" என்று கேட்டார். ஆமாம், கோவாதான் என்றேன். முற்றியதா பிஞ்சா என்று வெளியிலிருந்து அமுக்கிப் பார்த்தார். பிறகு ஹட்டன் வரை என்னோடு பேசவே இல்லை.

நண்பர் அதைக் கழுவி, மேசையில் வைத்து, ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"உது சிறுத்தையில்லை ஐசே. சிறுத்தையின்ரை தலை உருண்டை. கடைவாய்ப் பல்லுக் கத்தி மாதிரி இருக்கும். இதைப் பாரும், சப்பட்டை. சரி, மேல் முன்பல்லை எண்ணும் பாப்பம்."

எண்ணினேன். நான்கு.

"ஆறு இருக்கோணும். நடுவிலை ரண்டும் எங்கை? விழுந்த குழியும் இல்லை, பாரும். பிறக்கேக்கையே இல்லை. அந்த ஓட்டைக்குள்ளாலைதான் கறையானை உறிஞ்சிறது. கரடி ஐசே, கரடி!"

கரடியா? எங்கள் மலையில் கரடி ஏது? அது கீழே வறண்ட காட்டில் அல்லவா இருப்பது! நண்பர் பின்மண்டையைத் திருப்பித் துருவைச் சுரண்டினார். 'குண்டு' வெளியே வந்தது. ஸ்க்ரூ ஆணி.

"சுவரிலை மாட்டி வைச்சிருக்கிறான் துரை. எங்கையோ கீழ்க்காட்டிலை வேட்டைக்குப் போய்ச் சுட்டுக் கொண்டந்திருப்பான். சீமைக்குப் போகேக்கை குப்பைக் கிடங்குக்குள்ளை போட்டிட்டுப் போட்டான்."

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. சன்னாசி தப்பினார்! உண்மையைச் சொல்கிறேன், அதோடு இன்னொரு ஆசையும் வந்தது. இந்தத் தலை என் அலுமாரிக்கு வேண்டும். என் விஞ்ஞான அலுமாரியில் அப்போது இருந்தது ஒரு காந்தமும் உடைந்த வெப்பமானியும் மட்டும்.

திரும்பி வந்ததும் நேரே கங்காணியிடம் போனேன். நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். பல்லை எண்ணிக் காட்டினேன். ஸ்க்ரூ ஆணியை உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் ஆணியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நாப்பது வருசம் இந்த மலைல ஏறி எறங்கியிருக்கேன். கையளவு மண்ணு சொந்தமில்ல. இருந்த காம்பராவும் இப்ப வேற ஆளுக்கு. போறப்ப கொண்டு போறதுக்கு எனக்குன்னு இருந்தது இந்தக் கத ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டீங்களே..."

அவரைக் காப்பாற்றத்தான் போனேன். ஆனாலும், படித்தவன் என்ற திமிரோடு பல்லை எண்ணிக்கொண்டு வந்து நின்றேனே என்று வெட்கமாக இருந்தது. அங்கம்மா மட்டும் பெட்டி கட்டுவதை நிறுத்தாமல், "கரடியோ கழுதையோ, போய்ச் சேந்தாப் போதும்" என்றார்.

சொன்னபடி அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டோம். நான் சிங்களத்தில் விளக்கினேன்: நீளமான தலை, சப்பட்டைப் பல், நான்கு முன்பல், ஸ்க்ரூ ஆணி. நண்பர் எழுதித் தந்த தாளையும் கொடுத்தேன். அதிகாரி தானே எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார். முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கும் அதுதான் முதல் கரடி என்று நினைக்கிறேன்.

"அப்படியென்றால் இந்த ஆள் எதையும் கொல்லவில்லை?"

"இல்லை, மாத்தயா."

பேனா தாளைத் தொடப்போனது. அந்த நேரம் பார்த்துச் சன்னாசி எழுந்து நின்றார். முகம் சிவந்து, உதடு துடித்தது.

"மாஸ்டர்! இது கரடியா இருந்தா இருக்கட்டும். நான் வெட்டுனது புலி! அது வேற எடத்துல கெடக்கு. வேணும்னா தோண்டிக் காட்டுறேன். சொல்லுங்க அவருகிட்ட!"

அங்கம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார்.

"என்ன சொல்கிறார்?" என்றார் அதிகாரி.

என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறந்த மொழிபெயர்ப்பு அதுதான்.

"மாத்தயா தேநீர் குடிப்பீர்களா என்று கேட்கிறார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். சன்னாசியைப் பார்த்தார். "குடிக்கலாம். சீனி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

வழக்கு இல்லை. சன்னாசி போகலாம். தலைக்கு ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். கண்டெடுத்தவர் யார், எங்கே, எப்போது... 'விலங்கு இறந்த காரணம்' என்ற இடத்தில் 'வெள்ளைக்காரர்' என்று எழுதினேன். அதிகாரி அதை வெட்டவில்லை. தலையைப் பாடசாலையில் வைத்திருக்கலாம்; விற்கக்கூடாது, கொடுக்கக்கூடாது, மாவட்டத்தைவிட்டு வெளியே கொண்டுபோகக்கூடாது; கேட்டால் காட்ட வேண்டும். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. இந்த நாட்டில் இருக்கலாம் என்று ஒரு கடிதத்துக்காக எங்கள் லயங்களில் பாதிப் பேர் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். கரடிக்கு இரண்டே வாரம்.

தேநீரைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறப்போன அதிகாரி, திரும்பிச் சன்னாசியின் பக்கத்தில் வந்தார். மெதுவாகச் சொன்னார், பிசகில்லாத தோட்டத்துத் தமிழில்:

"கங்காணி, அந்தப் புலிக் கதைய அக்கரைக்குப் போய்ச் சொல்லுங்க. இங்க வேணாம்."

மனிதர் வலப்பனைக்காரராம். சின்ன வயதில் தோட்டத்துப் பிள்ளைகளோடுதான் விளையாடி வளர்ந்தவராம். முதல் நாளிலிருந்து எல்லாம் அவருக்கு விளங்கியிருக்கிறது, என் தேநீர் உட்பட!

புறப்படுவதற்கு முந்தின நாள் சன்னாசி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அந்தத் தலையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு, முன்பல் இல்லாத இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"மாஸ்டர், இது ரெண்டு கால்ல நிக்குமா?"

"நிக்கும்."

"ஆள் ஒசரம்?"

"கிட்டத்தட்ட."

"மரம் ஏறுமா?"

"ஏறும்."

"ம்..." என்றார். சும்மா கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் வட்டவளை ஸ்டேஷனில் ஒரே அழுகை. போகிறவர்களும் அழுதார்கள், இருக்கிறவர்களும் அழுதார்கள். என்னிடம் படித்த சன்னாசியின் மகள் பாக்கியம் ஜன்னல் வழியாகப் பிடித்த என் கையை விடவில்லை. சன்னாசி மட்டும் அழவில்லை; என்னோடு பேசவும் இல்லை. கோச்சி நகர்ந்தபோது தலையை ஒருதரம் அசைத்தார். அது போய்வருகிறேன் என்பதா, போதும் என்பதா? எனக்குப் புரியவில்லை. பல மாதம் அது மனசில் முள்ளாக இருந்தது.

ஒரு வருடம் கழித்துக் கோத்தகிரியிலிருந்து நீலக் கடிதம் வந்தது. பாக்கியத்தின் கையெழுத்து. எல்லோரும் சுகம். அங்கேயும் தேயிலைதான், அங்கேயும் மழைதான். ஊர்க்காரர்கள் இவர்களைச் சிலோன்காரர்கள் என்கிறார்கள். ஆனால் அப்பாவிடம் மட்டும் தனி மரியாதை. டீக்கடையில் அவருக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள். கடைசியில், ஓரத்தில் இடுக்கி எழுதியிருந்தாள்:

"சேர், அப்பா ஒங்ககிட்ட அவசரமா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. கரடிக்கு வால் உண்டா, இல்லையா? இங்க கேக்குறவங்க எல்லாரும் கரடிய நேர்ல பாத்தவங்க. தப்பாச் சொன்னா மாட்டிக்குவோம்."

அன்றே பதில் போட்டேன்: "உண்டு, ஆனால் குட்டை. முடிக்குள் மறைந்திருக்கும். எட்டடிக் கரடி என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லவும் — ஆறடிக்கு மேல் நான் பொறுப்பில்லை."